தறி ஓடும்போது மட்டும்

மேல்தொட்டி நிரம்பி வழிகிறது. சுவரோரமாக இறங்கும் தண்ணீர், துவைத்துக் காயப்போட்ட போர்வையை மறுபடியும் நனைத்துக்கொண்டிருக்கிறது. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோன அங்கப்பன், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் வீட்டு மோட்டாரோ ஓடுகிறது என்கிற பாவனையில் செய்தித்தாள் படிக்கிறார். அவருடைய மனைவி குழந்தையம்மாள் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வந்து மோட்டாரை நிறுத்துகிறார்.

"தொட்டி ரொம்பிப் போச்சுங்க."

"அட, ஆமா! கவனிக்கவே இல்ல பாரு."

"பரவால்லீங்க."

அவ்வளவுதான். முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. போர்வையைப் பிழிந்து வேறு கொடியில் போட்டுவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வீட்டை ஒட்டியிருக்கும் தறிக்குடோனுக்குள் நுழைகிறார். உள்ளே பத்துத் தறி ஓடுகிறது. பக்கத்தில் நிற்பவர் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் விழும். குழந்தையம்மாள் நேராக வடக்குச் சுவரோரத் தறிக்குப் போய், அங்கிருக்கும் கம்பி ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டு, அடிவயிற்றிலிருந்து ஆரம்பிக்கிறார்.

"ஏனுங்க, கண்ணு ரெண்டும் பொடனியிலயா இருக்குது? தெனந்தெனம் தொட்டி ரொம்பி ஊத்துது, ஊரே வேடிக்க பாக்குது, நாற்காலி போட்டு உக்காந்து பேப்பர் படிக்கிறீங்களே, பேப்பரு! உங்களப் பாத்துப் பாத்து எனக்குக் கட்டிவெச்சாரே எங்கப்பன், அவரச் சொல்லோணும்!"

பேசிக்கொண்டே அறுந்த இழையை முடிச்சுப் போடுகிறார். குறுக்கே ஓடும் நாடாவில் ஊடை நூல் தீர்ந்ததா என்று பார்க்கிறார். கை ஒரு வேலை, வாய் ஒரு வேலை. அங்கப்பனுடைய அப்பா வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து நிறுத்துகிறார். வெளியே வரும்போது முகம் கழுவிவிட்டது மாதிரி இருக்கிறது. "காப்பி வெக்கட்டுங்களா?" என்று கேட்கிறார். அங்கப்பன் தலையாட்டுகிறார். மனிதருக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது.

சோமனூரிலிருந்து கொஞ்சம் தள்ளியிருக்கும் அந்த ஊரில் குழந்தையம்மாளுக்குப் பொறுமைசாலி என்று பெயர். வாயைத் திறந்து யாரையும் ஒரு சொல் சொன்னதில்லை என்று சத்தியம் செய்ய ஆள் இருக்கிறது. பாவு நூல் கொடுத்துத் துணியாக நெய்து வாங்கும் ஜவுளிக்காரர், நன்றாக இருக்கும் துணியை விரித்துப் போட்டு இங்கே குறை, அங்கே குறை என்று அரைமணி நேரம் நொட்டை சொன்னாலும், "செரிங்க, அடுத்த பாவுல பாத்துக்கறோமுங்க" என்று மோர் கொடுத்து அனுப்புவார். அந்த ஜவுளிக்காரரின் பரம்பரை பிறகு வடக்கு ஜன்னலோரத்தில் படும் பாட்டை ஜவுளிக்காரர் அறியமாட்டார்.

பக்கத்து வீட்டுப் பழனாத்தாள் ஒருநாள் தன் மாமியாரோடு சண்டை போட்டு மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தார். "எப்படித்தான் அக்கா இப்படி இருக்கறீங்க? எனக்கு வரமாட்டீங்குதுங்க்கா. கோவம் வந்தா பாத்திரத்தத் தூக்கி எறியோணும்னு தோணுது."

"அதொண்ணுமில்ல கண்ணு. ஒரு சொம்புத் தண்ணியக் குடி, செரியாப் போயிரும்."

பழனாத்தாள் நம்பிக்கையோடு குடித்தார். சொம்பு சொம்பாகக் குடித்தார். கோபம் அப்படியே இருந்தது, கொல்லைப்புறப் பொடக்காலிக்கு ஓடுவதுதான் அதிகமானது. இப்படி ஒரு பச்சைப்பொய்யைச் சொல்லிவிட்டோமே என்று குழந்தையம்மாளுக்கு உறுத்தாமல் இல்லை. ஆனால் உண்மையைச் சொன்னால் நாளைக்குப் பழனாத்தாளும் வந்து குடோனில் நிற்பார். இருப்பது ஒரு ஜன்னல்.

நேருக்கு நேர் சொல்லிவிட்டால் என்ன, எதற்கு இந்த நாடகம் என்று கேட்கலாம். அதற்கு ஒரு காரணம் உண்டு. குழந்தையம்மாள் பிறந்த வீட்டில், ஒரு காதுகுத்து விருந்தில், பெரியப்பாவைப் பார்த்துக் குழந்தையம்மாளின் அப்பா ஒரே ஒரு வார்த்தை சொன்னார். குழம்பு ஊற்றும்போது சொன்ன வார்த்தை. அன்றைக்கு இரண்டு வீட்டுக்கும் நின்றுபோன பேச்சு, பெரியப்பா செத்த வீட்டில்கூடத் திரும்பவில்லை. இந்தப் பக்கத்தில் அடிதடி குறைவு. கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தியது நிறுத்தியதுதான். அதைப் பார்த்து வளர்ந்தவர் குழந்தையம்மாள். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை, சொல்லித் தொலைக்கவும் பயம். கல்யாணமாகித் தறிக்குடோன் உள்ள வீட்டுக்கு வந்தது அவருடைய அதிர்ஷ்டம்.

குடோனிலும் ஒரு சிக்கல் உண்டு. தறிச் சத்தத்திலேயே காலம் தள்ளுகிறவர்களுக்குக் காது கொடுக்காததைக் கண் கொடுத்துவிடும். அந்த மூலையில் ஒருவர் வாயை அசைத்தால் இந்த மூலையில் இருப்பவர் பதில் சொல்வார். பாவு தீர்ந்துவிட்டது, டீ வந்துவிட்டது, கந்துவட்டிக்காரன் வருகிறான், எல்லாம் வாயசைவுதான். சத்தமே வராது. அங்கப்பனும் அதில் தேர்ந்தவர்தான். ஆகவே குழந்தையம்மாள் உள்ளே யாரும் முகத்தைப் பார்க்க முடியாத ஒரே இடத்தைத் தேர்ந்தெடுத்தார். வடக்குத் தறியில் நின்றால் முதுகு மட்டும்தான் மற்றவர்களுக்கு.

கரண்டு போய்விட்டால் என்ன ஆகும் என்ற கவலையும் வேண்டாம். தறியின் அடி ஒரு துளி தளர்ந்ததுமே அவருடைய நாக்கு நின்றுவிடும். தறிகள் நின்று குடோன் அமைதியாகும்போது குழந்தையம்மாள் நூலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கரண்டு திரும்பி வந்ததும் விட்ட வார்த்தையிலிருந்து தொடர்வார். பாதி வாக்கியத்தை வாயில் வைத்துக்கொண்டு சமையலே முடித்த நாட்கள் உண்டு.

குழந்தையம்மாள் ஓட்டும் நான்கு போக, மற்ற ஆறு தறிகளை ஓட்டும் ஐயாசாமிக்கு மட்டும் ஏதோ தெரியும். "அக்காவோட தோள்பட்ட ரெண்டும் காதுகிட்டப் போயிருச்சுன்னா நான் அக்கட்டயே போகமாட்டனுங்க" என்பார். என்ன பேசுகிறார் என்று அவர் பார்த்ததும் இல்லை, கேட்டதும் இல்லை. தோள் கீழே இறங்கிய பிறகு போய், "அக்கா, டீ" என்பார்.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த குடும்பத்துக்குப் போன வருடம் மருமகள் வந்தாள். மகன் நிதீஷ் பீளமேட்டில் ஒரு கம்பெனியில் என்ஜினீயர். மருமகள் ரித்திகாவும் கணிப்பொறி வேலைதான், ஆனால் வாரத்தில் ஓரிரு நாள் தவிர வீட்டிலிருந்தே செய்கிறாள். வீட்டின் பின்னறையில் மேசை போட்டுக்கொண்டாள். கண்ணாடி ஜன்னலைச் சாத்திக்கொண்டு, காதுகளை மூடும் கருவியை மாட்டிக்கொண்டு உட்காருவாள். அந்த ஜன்னல், நடுவே ஒரு துணிக்கொடி கட்டும் அகலமே உள்ள சந்துக்கு அப்பால், குடோனின் வடக்கு ஜன்னலுக்கு நேர் எதிரில் இருந்தது.

குழந்தையம்மாள் முதலில் கொஞ்சம் யோசித்தார். ரித்திகாவின் ஊர் பல்லடம் பக்கம். அவளுடைய அப்பாவும் தறி வைத்திருந்தவர்தான். ஆனால் பெண் பள்ளிக்கூடம் சேர்ந்த சமயத்திலேயே தறிகளை எடைக்குப் போட்டுவிட்டு ஒரு மில்லில் சூப்பர்வைசராகப் போய்விட்டார். அதன்பிறகு விடுதி, காலேஜ், இங்கிலீஷ். அந்தப் பெண்ணுக்கு நாடா எது, பாவு எது என்றாவது தெரியுமா? தெரியாது என்று தீர்மானித்துக்கொண்டார். அவ்வளவு பெரிய மூளையை வைத்துக்கொண்டு எடுத்த தீர்மானம் அது.

ரித்திகா கெட்ட பெண் இல்லை. அதுதான் பெரிய எரிச்சல். கெட்டவளாக இருந்தால் ஒரு மாமியாருக்குக் கொஞ்சம் பிடிமானம் இருக்கும். இவள் எதற்கும் "செரிங்க அத்தை" என்பாள். ரசத்தில் பெருங்காயம் கூடிவிட்டது என்றால் செரிங்க அத்தை. ஒறம்பரை விருந்தாளிகள் வருகிறார்கள், சேலை கட்டிக்கொள் என்றால் செரிங்க அத்தை. கட்டிக்கொண்டும் வருவாள். ஆனால் ஈரத்துண்டைக் கட்டில்மேல் போடுவாள். கறிவேப்பிலையை உருவாமல் காம்போடு குழம்பில் போடுவாள். தயிரைப் பாத்திரத்தின் நடுவிலிருந்து அள்ளிக் குழி பறித்துவைப்பாள்.

"ஏங்கண்ணு, துண்டு ஈரமாட்ட இருக்குதே" என்று வீட்டுக்குள் மெல்லச் சொன்ன குழந்தையம்மாள், ஜன்னலோரத்தில் வேறு மாதிரி சொன்னார். "மெத்தை நாறிப்போகுமுன்னு தெரியாதா? படிச்சுக் கிழிச்சுப்போட்டா! தயிருல கெணறு தோண்டறா! இவ கிட்டக் கொஞ்சம் பேசலாமுன்னா செரிங்க அத்தை, செரிங்க அத்தை. கீ குடுத்த பொம்மையா இவ?"

எதிர் ஜன்னலில் ரித்திகா திரையைப் பார்த்து வேலை செய்துகொண்டிருப்பாள். சில சமயம் நிமிர்வாள். குழந்தையம்மாள் பாவு சரிசெய்கிற மாதிரி காட்டிக்கொண்டு சிரிப்பார். அவளும் சிரிப்பாள்.

அதற்குப் பிறகு ஈரத்துண்டு கொடிக்குப் போனது. கறிவேப்பிலை இலையிலையாக வந்தது. தயிர் ஓரத்திலிருந்து சீராகக் குறைந்தது. குழந்தையம்மாள் அவிநாசியில் இருக்கும் தன் தங்கை லட்சுமியம்மாளுக்குப் போன் போட்டுப் பெருமைப்பட்டார். "ஒரு வார்த்த சொல்லலைடி நானு. நாம பொறுமையா இருந்தா அவுங்களே திருந்திக்குவாங்க. உன்ற மருமவ கிட்டச் சும்மா கத்தாத." தங்கைக்கு இந்த உபதேசம் எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும் என்று நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ரித்திகாவின் கம்பெனி ஒருநாள் கோபத்தைக் கட்டுப்படுத்துவது எப்படி என்று கணினி வழியாக வகுப்பு எடுத்தது. அன்றைக்குக் காதில் கருவி மாட்டவில்லை. காபி கொண்டுபோன குழந்தையம்மாள் கதவருகே நின்று கேட்டார். மூச்சை இழுத்து விடுங்கள், பத்துவரை எண்ணுங்கள் என்று ஒரு பெண் கொஞ்சும் குரலில் சொன்னாள். அன்று சாயந்திரம் அங்கப்பன் மோட்டாரை மறந்தபோது எண்ணிப் பார்த்தார். பத்துவரை எண்ணி முடிப்பதற்குள் ஒரு குடம் தண்ணீர் வீணானதுதான் மிச்சம்.

பிறகு புரட்டாசியில் ஒருநாள் அங்கப்பன் அந்தப் பேச்சை எடுத்தார். கூலிக்கு நெய்து கட்டுப்படியாகவில்லை, கரண்டுச் செலவு ஏறுகிறது, ஐயாசாமியைத் தவிர வேலைக்கு ஆளும் கிடைப்பதில்லை. "பாதித் தறியக் குடுத்துப்போடலாமுன்னு பாக்கறேன். பழைய இரும்புக்காரர் ஞாயித்துக்கெழம வந்து பாக்கறமுன்னாரு."

சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே சொன்னார். குழந்தையம்மாள் அப்போதும் "உங்க இஷ்டமுங்க" என்றார். தட்டைக் கழுவிவைத்துவிட்டுக் குடோனுக்குள் போய்த் தறிகளை வரிசையாகப் பார்த்தார். ஒவ்வொரு தறியும் எந்த வருடம் வந்தது, எந்தத் தறிக்கு எந்த நகை போனது என்று அவருக்கு மனப்பாடம். இரும்புக்காரர் வந்து சுத்தியலால் தட்டிப் பார்ப்பாராம். எடை போடுவாராம்.

அன்று ஜன்னலோரத்தில் அவர் அங்கப்பனைத் திட்டியிருக்க வேண்டும். ஆரம்பித்தது அவரிடமிருந்துதான். ஆனால் கோபம் நியாயம் பார்த்தா போகிறது? எதிரே கண்ணாடிக்குப் பின்னால் தலைகுனிந்து எதையோ தட்டிக்கொண்டிருந்த ரித்திகா நிமிர்ந்தாள். கண்ணில் பட்டவள் அவள். வாய் அவள் பக்கம் திரும்பிவிட்டது.

"தறிய வித்துத் தின்ன ஊட்டுல பொண்ணெடுத்தேன் பாரு, என்னையச் சொல்லோணும்! அந்தக் கெரகம் இவளோட ஒட்டுக்கா வந்து இங்கயும் புடிச்சுக்கிச்சு! அப்பன் வித்தான், இப்ப இங்க விக்கறதுக்கு வந்து உக்காந்திருக்கறா!"

சொன்னதும் மனசு லேசாகிவிட்டது. எப்போதும்போல. வெளியே வந்து ராத்திரிக்குச் சந்தகை பிழிந்தார். மருமகளுக்குப் பிடிக்கும் என்று தேங்காய்ப்பால் தனியாக எடுத்துவைத்தார். ரித்திகா பசியில்லை என்று படுத்துக்கொண்டாள். வேலை அதிகம் போல என்று குழந்தையம்மாள் நினைத்தார்.

அந்த வாரம் முழுக்க ரித்திகா எப்போதும்போலத்தான் இருந்தாள். கேட்டதற்குப் பதில், சொன்னதற்குச் செரிங்க அத்தை. மேசையை மட்டும் ஜன்னலிலிருந்து திருப்பி, பக்கவாட்டில் போட்டுக்கொண்டாள். வெயில் அடிக்கிறது என்றாள். குடோன் சுவர் மறைக்கும் அந்தச் சந்தில் எங்கிருந்து வெயில் வரும் என்று குழந்தையம்மாளுக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நிதீஷ் சமையலறை வாசலில் வந்து நின்றான். அவன் அப்படி நின்றால் எதையோ உடைத்துவிட்டான் என்று அர்த்தம், சின்ன வயதிலிருந்து அப்படித்தான்.

"அம்மா, பீளமேட்டுல ஒரு பிளாட் பாத்திருக்கறோமுங்ம்மா. அடுத்த மாசம் போயிரலாமுன்னு."

"என்னத்துக்கு சாமி? பஸ்ஸு, வண்டி எல்லாந்தான் இருக்குதே?"

"ரித்திகாதான் போலாங்குது. ஏன்னு கேட்டா ஒண்ணுமில்லைங்குது. நீ ஏதாச்சும் சொன்னியா?"

"நானா? நான் என்னைக்குடா யாரைச் சொல்லியிருக்கறேன்?"

அவன் தலையைச் சொறிந்தான். அம்மா யாரையும் எதுவும் சொல்லமாட்டார் என்பது அவனுக்கும் தெரிந்ததுதான். இரண்டு பெண்களும் ஒன்றுமில்லை என்கிறார்கள், வீடு மட்டும் இரண்டாகிறது. பாவம், என்ஜினீயரிங்கில் இதற்கெல்லாம் பாடம் கிடையாது.

குழந்தையம்மாளுக்கு அவன் ஒரே மகன். போனால் நோம்பிக்கும் நொடிக்கும்தான் வருவான். அதைவிட, இந்தப் பெண் இல்லாத சமையலறையை நினைக்கவே முடியவில்லை என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. ரித்திகா அதிகம் பேசமாட்டாள், ஆனால் சாயந்திரம் வேலை முடிந்ததும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். பெற்ற பிள்ளை ஒருநாள் உரித்ததுண்டா? கலக்கம் நேரே கோபமாக மாறியது. அடுப்பை அணைத்துவிட்டுக் குடோனுக்குள் போனார்.

எதிர் ஜன்னலில் ரித்திகா அலமாரியிலிருந்து துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் குழந்தையம்மாளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"போ! யாரு உன்னயப் புடிச்சு வெச்சா? எதுக்குப் போறேன்னு ஒரு வார்த்த சொல்ல முடியாதா? வாயில என்ன கொழுக்கட்டயா? உன்ற வாயத் தெறந்து ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, ஏன்னு சொல்லித் தொலையேன்!"

ரித்திகா மடித்த சேலையைக் கட்டிலில் வைத்தாள். ஜன்னலுக்கு வந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, மாமியாரின் முகத்தை நேராகப் பார்த்து, சத்தமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக, குடோன்காரர்கள் பேசுகிற மாதிரி உதட்டை நன்றாக விரித்துச் சொன்னாள்.

"எங்கப்பா தறிய வித்துத் திங்கலீங்க அத்தை. வித்து என்னையப் படிக்க வெச்சாருங்க."

குழந்தையம்மாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கையிலிருந்த நூல்முனை நழுவி, அறுந்த இழையோடு தறி தன் பாட்டுக்கு ஓடியது. பள்ளிக்கூடம் போகும்வரை அந்தக் குழந்தை எங்கே இருந்திருக்கும்? தறிக்கு நடுவே சேலையில் கட்டிய தூரியில்தான் இருந்திருக்கும். பேச்சைக் காதால் கற்றுக்கொள்வதற்கு முன்னால் அம்மாவின் வாயைப் பார்த்துத்தான் கற்றிருக்கும். இது தனக்குத் தெரியாத விஷயமா? நிதீஷையே அப்படித்தானே வளர்த்தார்?

அப்படியானால் துண்டு. கறிவேப்பிலை. தயிர். கீ கொடுத்த பொம்மை. ஒரு வருடமாக அந்தப் பெண் மேசையில் உட்கார்ந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டு, நிமிர்ந்து சிரித்திருக்கிறாள். தங்கைக்குப் பொறுமைப் பாடம் நடத்திய பெருமை நினைவுக்கு வந்து, அவமானத்தில் காது சுட்டது.

ஜன்னலில் அவள் இல்லை. இரண்டு தறிகள் ஊடை தீர்ந்து நின்றன. ஐயாசாமி வந்து பார்த்து, அக்காவின் தோள் காதுக்கும் ஏறாமல் கீழேயும் இறங்காமல் தொங்கிக்கிடப்பதைக் கண்டு, ஒன்றும் கேட்காமல் நாடாவை மாற்றிவிட்டுப் போனார்.

இப்போது யாரைத் திட்டுவது? அங்கப்பனைத் திட்டலாமென்றால் அவர் அன்று அதிசயமாக மோட்டாரைச் சரியான நேரத்தில் நிறுத்தியிருந்தார். தன்னைத்தானே திட்டிக்கொள்ளப் பார்த்தார், ஜன்னலோரத்தில் நின்று இரண்டு வாக்கியம் சொன்னார், மனசு லேசாகவில்லை. பெரியப்பா வீட்டு வாசலைக் கடக்கும்போது அப்பா செருப்பைப் பார்த்துக்கொண்டே நடப்பது ஞாபகம் வந்தது. அதே மாதிரி ஒரு வார்த்தையைத்தானே தானும் சொல்லியிருக்கிறோம்? எங்கே நின்று சொன்னால் என்ன?

மத்தியானம் சோற்றுக்குப் பிறகு நேராகவே மன்னிப்புக் கேட்டுவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக, தறிச் சத்தம் இல்லாத இடத்தில், சமையலறையில்.

"நான் சொன்னது தப்புத்தான் கண்ணு. உங்கப்பாவைச் சொன்னது நெம்பத் தப்பு. மாமா மேல இருந்த கோவத்த உன்மேல போட்டுப்போட்டேன். மனசுல வெச்சுக்காத."

ரித்திகா பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"செரிங்க அத்தை."

"நெசமாத்தாஞ் சொல்றேன்."

"செரிங்க அத்தை. பரவால்லீங்க."

அந்தப் 'பரவால்லீங்க' குழந்தையம்மாளின் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. அது தன்னுடைய வார்த்தை. தொட்டி நிரம்பும்போது தினமும் அங்கப்பனிடம் சொல்கிற வார்த்தை. அதைச் சொல்லும்போது உள்ளே என்ன கொதிக்கும் என்று இந்த ஊரிலேயே அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. இந்தப் பெண் மன்னிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அப்படியே விழுங்கி வைத்திருக்கிறாள். பீளமேட்டுக்கு அதையும் சேர்த்து மூட்டை கட்டிக்கொண்டு போவாள். அங்கே தறி கிடையாது.

"வா எங்கூட" என்றார்.

"எங்கீங்க அத்தை?"

பதில் சொல்லாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஈரக் கையைத் துடைக்கக்கூட விடாமல், குடோனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஐயாசாமி தன் ஆறு தறிகளையும் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். குழந்தையம்மாளின் நான்கு மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. ரித்திகாவை வடக்கு ஜன்னலோரத்தில் நிறுத்தினார். ஆனால் ஜன்னலைப் பார்த்து அல்ல. தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, எதிரே தான் நின்றுகொண்டார்.

"திட்டு."

"அத்தை?"

"மனசுல இருக்கறதெல்லாஞ் சொல்லு. அத்தைன்னு பாக்க வேண்டாம். ங்க போடறதா இருந்தாப் போட்டுக்க, போடாட்டியும் செரி."

ரித்திகாவின் மூக்கு நுனி சிவந்தது. கண் நிறைந்தது. சொல்ல வந்துவிட்டாள் என்று பார்த்தாலே தெரிந்தது. சட்டென்று குடோன் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே வாசலில் அங்கப்பனும் நிதீஷும் இரும்புக்காரருடன் ஏதோ பேசிக்கொண்டிருக்கும் குரல் உள்ளே கேட்டது. அவள் தலையை ஆட்டினாள். பிறகு சத்தமில்லாமல், உதட்டை மட்டும் அசைத்தாள்.

"சத்தம் பத்தாதுங்க அத்தை."

குழந்தையம்மாள் வாசலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஐயாசாமியின் வரிசைக்குப் போய், நின்றிருந்த தறிகளை ஒவ்வொன்றாக ஓட்டிவிட்டார். முதல் தறி, அடுத்த தறி, அதற்கடுத்தது. குடோன் அதிர ஆரம்பித்தது. வெளிக்குரல்கள் அமுங்கின. ஆறாவதையும் கைப்பிடியைத் தள்ளி ஓட்டிவிட்டு, வேகமாகத் திரும்பி வந்து, மருமகளின் எதிரே நின்று, அவளுடைய வாயையே பார்த்தார்.